மாடி அறையில் ஈபன்

ஒரு பேய் தயாரிப்பது என்று முடிவு செய்தேன்.

யாரும் சிரிக்க வேண்டாம். முப்பத்தோரு வருஷம் ஓபலோடு குடித்தனம் நடத்திவிட்டு, வேறு எந்த வழியும் இல்லை என்று தெரிந்த பிறகு எடுத்த முடிவு அது. அழுது பார்த்தாயிற்று. கோபித்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தும் பார்த்தாயிற்று. அந்த வேளைச் சாப்பாட்டை அவள் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை.

விஷயம் இதுதான். நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை உணவு. முட்டையை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து ஓபல் ஆரம்பித்தாள்.

"ஏங்க, பெர்னிஸ் டொலீடோவுல இருக்கிற வீட்டை வித்துட்டாளாம்."

பெர்னிஸ் அவளுடைய அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"நல்ல வேலை பண்ணா. அவ்வளவு பெரிய வீட்டுல தனியா என்ன பண்ணுவா?"

"நானும் அதைத்தான் சொன்னேன். அடுத்த வாரம் சனிக்கிழமை இங்க வர்றா."

"வரட்டுமே. எத்தனை நாளைக்கு?"

"அவ என்ன சர்க்கஸா, இத்தனை நாளுன்னு போட்டுட்டுப் போக? இனிமே இங்கதான்."

"இங்கன்னா... எங்க?"

"மாடி ரூம்லதான். வேற எங்க, புகைபோக்கி மேலயா?"

முட்டை தட்டில் விழுந்தது.

மாடி அறை என்பது என் உயிர். அங்கே இருபத்திரண்டு துப்பாக்கிகள் சுவரில் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் தோளில் சுமந்தவை. ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய்த் துணியால் துடைப்பேன். ஒஹாயோ முழுக்க எத்தனை துப்பாக்கிச் சந்தை நடக்கிறதோ அத்தனைக்கும் போய், பேரம் பேசி, கெஞ்சி, மாற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. எங்கள் வீட்டில் ஈரம் ஏறாத ஒரே அறை அதுதான்.

"அப்போ என் துப்பாக்கியெல்லாம்?"

"பேஸ்மென்ட்ல வைங்க."

"ஓபல்! போன ஏப்ரல்ல பேஸ்மென்ட்ல தவளை இருந்துச்சு!"

"அதுக்கென்ன? சுடத் தெரியாத தவளைதானே."

இரும்புக்கு ஈரம் எமன். ஒரு வசந்த காலம் அந்தப் பேஸ்மென்ட்டில் இருந்தால் நூற்று அறுபது வருஷம் தாங்கிய குழல்கள் துருப்பிடித்துச் சொரியும். ஒரு வாரத்துக்குள் பெர்னிஸின் மனதை மாற்ற வேண்டும். அவளாகவே "அந்த அறை எனக்கு வேண்டாம்" என்று அலற வேண்டும்.

அதற்குத்தான் பேய்.

ஓபலுக்குப் பேய்ப் பயம் உண்டு என்பதற்கு என்னிடம் ஒரு ஆதாரம் இருந்தது. அவள் அத்தையின் அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டம் முழுக்க என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் பாதியில் நழுவிச் சந்தைக்குப் போய்விடக் கூடாது என்று பிடித்திருந்தாள் என்பது ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.

திட்டம் எளிது. கதை உள்ள ஒரு பழைய துப்பாக்கியை வாங்குவேன். மாடியில் மாட்டுவேன். மறுநாள் காலையில் முகத்தை வெளிறவைத்துக்கொண்டு இறங்கி வந்து, "அங்கே யாரோ இருக்கிறார்கள்" என்பேன். ஓபல் போனில் அக்காவிடம் சொல்வாள். பெர்னிஸ் டொலீடோவிலேயே வேறு வீடு பார்த்துக்கொள்வாள். முகத்தை வெளிறவைப்பதற்கு இரண்டு நாள் கார் ஷெட்டில் ஒத்திகை பார்த்தேன்.

சனிக்கிழமை எங்கள் ஊர்ச் சந்தை. ஆகஸ்டில் மாட்டுக் கண்காட்சி நடக்கிற அதே கொட்டகையில்தான் நவம்பரில் துப்பாக்கிச் சந்தையும் நடக்கும். துப்பாக்கி எண்ணெய் வாசனை, பாப்கார்ன் வாசனை, இரண்டுக்கும் அடியில் ஆகஸ்டு மாட்டின் வாசனை. வாசலில் ஒருவர் நாம் கொண்டுபோகும் துப்பாக்கியைச் சோதித்து, விசையில் ஒரு பிளாஸ்டிக் நாடாவைக் கட்டிவிடுவார். விற்க நினைப்பவர்கள் குழல் வாயில் ஒரு குச்சியைச் செருகி, அதில் காகிதக்கொடி ஒட்டி, தோளில் சாய்த்துக்கொண்டு மேஜை மேஜையாக நடப்பார்கள்.

மேஜைகளுக்குப் பின்னால் மனைவிமார். ஒரு வரிசை முழுக்கத் தெர்மாஸும் பின்னல் வேலையுமாக உட்கார்ந்திருப்பார்கள். என் சிநேகிதன் ரோலண்டின் மேஜையில் பாதியை நான் பிடித்துக்கொள்வது வழக்கம். ஓபல் எங்களுக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் கொக்கி ஊசியால் கம்பளி பின்னுவாள். அந்த மாதம் நீலப் போர்வை. அவளுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. முப்பது வருஷமாக நாங்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

கடைசி வரிசையில், பின்கதவுக்குப் பக்கத்தில், ஒரு கிழவர் இருந்தார். அவருடைய மேஜையில் ஒரே ஒரு துப்பாக்கி. விலைச்சீட்டு இல்லை. கறுப்புத் துணிமேல் அதைப் படுக்கவைத்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. விற்பனைக்கு வைத்த மாதிரி இல்லை, வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி வைத்த மாதிரி இருந்தது.

"எடுத்துப் பாக்கலாமா?" என்றேன்.

"பாருங்க. குதிரையை மட்டும் இழுக்காதீங்க. அவருக்குப் பிடிக்காது."

"யாருக்கு?"

கிழவர் துப்பாக்கிக் கட்டையைக் காட்டினார். கத்தியால் கீறிய எழுத்து. 'ஈபன்'. பையன் கையெழுத்து. கடைசி எழுத்து பாதியில் நின்றிருந்தது. கீறியவன் அதற்குள் யாரோ கூப்பிட்டு எழுந்து போன மாதிரி.

எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். பேயைப் பெயரோடு கொடுக்கிறார்கள்!

"என்ன விலைங்க?"

"நான் விக்கறதில்ல. அவரு யாரோட போகணும்னு நினைக்கிறாரோ அவங்களோட போவாரு. உங்ககிட்ட மாத்திக்க என்ன இருக்கு?"

துப்பாக்கி முனையில் செருகுகிற ஒரு பழைய பயனெட் கத்தியைக் கொடுத்தேன். கிழவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். கையை உதறிக்கொண்டார். ரொம்ப நாள் கழித்துத் தூங்கப் போகிறவர் முகம் அது.

அதை ரோலண்டின் மேஜைக்குக் கொண்டுவந்தேன். இந்தப் பழைய துப்பாக்கிகளில் மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாகப் போட்டு, ஒரு நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அந்தக் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்ப்போம். அடியில் இரும்பில் பட்டு 'ணங்' என்றால் காலி. 'தொப்' என்றால் உள்ளே இன்னும் கெட்டித்தது இருக்கிறது, யாரோ சுடாமல் விட்டது.

விட்டேன். ணங்!

"சுத்தமா இருக்கு" என்றான் ரோலண்ட்.

"கோயில் மணி மாதிரி அடிக்குது" என்றாள் ஓபல், தலை நிமிராமல்.

வீட்டுக்கு வந்து ஈபனை நடுச்சுவரில் மாட்டினேன். கதவைச் சாத்தினேன்.

ஞாயிறு காலை. வெளியே பனிமூட்டம். ஜன்னலுக்கு வெளியே இருந்த மேப்பிள் மரத்தையே காணவில்லை. தேவாலயத்துக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம். முகத்தை வெளிறவைத்துக்கொள்ளலாம் என்று மாடிக்குப் போனேன்.

அறைக்குள் அழுகின முட்டை நாற்றம்.

கருமருந்து வெடித்தால் வருகிற நாற்றம் அது. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த அறையில் ஒரு சிட்டிகை மருந்துகூட நான் வைப்பதில்லை. ஈபனைச் சுவரிலிருந்து எடுத்தேன். குழல் ஜில்லென்று இல்லை. இளஞ்சூடாக இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு முன்பு யாரோ பிடித்திருந்த மாதிரி. பழக்க தோஷம், கம்பியை உள்ளே விட்டேன்.

தொப்.

மறுபடி விட்டேன். தொப். அடிவரை போகவில்லை. மூன்று விரல் மேலேயே நின்றுவிட்டது.

முகம் வெளிறுவதற்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. எண்ணிப் பார்த்திருந்தால் இரண்டு படிகூட வந்திருக்காது.

"ஓபல்! மாடியில... அது... கெட்டிச்சிருக்கு!"

"எது கெட்டிச்சிருக்கு? ஜெல்லியா?"

"துப்பாக்கி! ஈபனோட துப்பாக்கி! உள்ள குண்டு இருக்கு!"

"நேத்து மணி மாதிரி அடிச்சுதே?"

"அதைத்தானே சொல்றேன்! ராத்திரில யாரோ கெட்டிச்சிருக்காங்க!"

ஓபல் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"ஓஹோ" என்றாள்.

முப்பத்தோரு வருஷத்தில் அந்த 'ஓஹோ'வுக்கு அர்த்தம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் நான்.

தேவாலயத்திலிருந்து வந்ததும் ரோலண்டுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"நார்வல், நீ படிச்சிருப்பியே. சண்டை முடிஞ்சு களத்துல பொறுக்கின துப்பாக்கில பாதிக்கு மேல கெட்டிச்சபடியே கிடந்துச்சு. சிலதுல ரெண்டு, மூணு, அதுக்கு மேலயும்."

"தெரியும்டா."

"ஏன்னு தெரியுமா? பயத்துல புத்தி மரத்துப்போயிடும். சுடணும்னே தோணாது. கெட்டிப்பான், மறுபடி கெட்டிப்பான், மறுபடி கெட்டிப்பான். கைக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கும். சாகற வரைக்கும்."

"இப்ப எதுக்கு இதைச் சொல்றே?"

"செத்த அப்புறமும் கைக்கு ஞாபகம் இருக்கும்போல."

போனை வைத்துவிட்டேன். இப்படிப்பட்ட சிநேகிதன் இருந்தால் தனியாகப் பேய் எதற்கு?

திங்கட்கிழமை காலை. கம்பியில் நேற்று நின்ற இடத்துக்குச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தேன். விட்டேன். கோடு குழல் வாய்க்கு மேலே எழும்பி நின்றது. இன்னும் மூன்று விரல்.

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது. புதன்கிழமை, நான்காவது.

கெட்டித்ததைத் திருகி வெளியே எடுக்கிற கருவி என்னிடம் இருக்கிறது. மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. ஆனால் உள்ளேயிருந்து என்ன வரும் என்று தெரியாதபோது கை இழுப்பறைவரை போவதில்லை. எனக்கு வயது அறுபத்து மூன்று. ஈபனுக்கு இருபதுகூட இருக்காது. ஆனாலும் அவர் எனக்கு மூத்தவர்தான் என்று கை சொன்னது.

இதையெல்லாம்விடப் பயங்கரம் ஓபல். அவள் பயப்படவே இல்லை. புதன்கிழமை காலைச் சாப்பாட்டின்போது பேச்சு இப்படிப் போனது.

"இன்னிக்கு எத்தனை?"

"நாலு."

"பாவம். அந்தப் பையன் என்ன பயத்துல இருக்கானோ."

"நான் என்ன பயத்துல இருக்கேன்னு கேக்க மாட்டியா?"

"உங்களுக்கென்ன, உயிரோடதானே இருக்கீங்க. நேத்து மேல ஒரு தட்டுல பிஸ்கட் வெச்சிட்டு வந்தேன்."

"பேய்க்கா?"

"சும்மா பேய் பேய்ங்காதீங்க. பேரு இருக்கில்ல? ஈபன். காலையில போய்ப் பாத்தேன். ஒரு கடி கடிச்சிருக்காரு."

காபி என் மூக்கில் ஏறியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆம். ஒரு பிஸ்கட்டில் ஒரு கடி. ஒழுங்கான, சிறிய, அரைவட்டக் கடி. அறை முழுக்க நாற்றம். இருபத்திரண்டு துப்பாக்கிகளும் ஈபனைப் பார்ப்பது போலவே இருந்தன. நான் உள்ளே வந்ததுதான் அவற்றுக்குத் தொந்தரவு என்று தோன்றியது.

வியாழக்கிழமை அந்த அறையைப் பூட்டி, சாவியை ஓபலின் கையில் கொடுத்தேன். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. அவள் அதை உடனே கவுன் பையில் போட்டுக்கொண்டாள். அதற்கென்றே பையைத் தைத்துவைத்த மாதிரி.

"நான் இனிமே உள்ள போக மாட்டேன்" என்றேன்.

"போக வேண்டாங்க. உடம்பு கெட்டுடும். சனிக்கிழமை பக்கத்து மாவட்டத்துல சந்தை இருக்கில்ல? ஈபனை அங்க யார்கிட்டயாவது குடுத்துடுங்க. திரும்பி வந்ததும் மத்ததை நானும் ரோலண்டும் சேர்ந்து பேஸ்மென்ட்டுக்கு இறக்கிடறோம். சாயங்காலம் பெர்னிஸ் வர்றதுக்குள்ள அறையைக் காத்தாடப் போட்டுடலாம்."

"பெர்னிஸ் பயப்பட மாட்டாளா?"

"ஈபன்தான் போயிடறாரே?"

அப்போதுதான் என் திட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று புரிந்தது. பேய் இருந்தால் அறை பேய்க்கு. பேய் போனால் அறை பெர்னிஸுக்கு. எனக்கு என்று அதில் ஒரு மூலைகூட இல்லை. பேஸ்மென்ட்டுக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கை ஈரமாகத் திரும்பியது. அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை. குழல் வாயில் காகிதக்கொடி செருகி, ஈபனைத் தோளில் சாய்த்துக்கொண்டு சந்தை வாசலில் நின்றேன். பின்னால் நாற்பது பேர் வரிசை. பனி இன்னும் விலகவில்லை. பக்கத்தில் ஓபல், நின்றபடியே பின்னிக்கொண்டு. நீலப் போர்வை முழங்கால்வரை தொங்கியது.

கொட்டகைக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வந்தார். அந்தக் கிழவர்! என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினார்.

"திருப்பி வாங்கறதில்ல."

"பெரியவரே, ஒரு நிமிஷம்..."

"எத்தனை?" என்றார். அது ஒன்றுதான் கேட்டார்.

"நாலு."

"என்கிட்ட ஆறு வரைக்கும் போனாரு" என்றார். கார் நிற்கும் பக்கமாக நடந்தார். பனியில் முதலில் அவர் கால் மறைந்தது, அப்புறம் கோட்டு, அப்புறம் தொப்பி.

வாசல்காரர் துப்பாக்கியை வாங்கினார். காகிதக்கொடியை எடுத்து வைத்துவிட்டுக் கம்பியை உள்ளே விட்டார்.

தொப்.

"ஐயா, உள்ள சரக்கு இருக்கு. கெட்டிச்ச துப்பாக்கியை உள்ள விடறதில்ல. எடுத்துட்டு வாங்க."

"எடுக்க மாட்டேன்."

"எடுக்காம விட மாட்டோம்."

"நான் பூசாரியா? எப்படிய்யா எடுப்பேன்?"

வரிசை முணுமுணுத்தது. உள்ளே மேஜை போட்டிருந்த ரோலண்டை யாரோ கூப்பிட்டு வந்தார்கள். அவனிடம் எப்போதும் திருகுக் கருவி இருக்கும். வாசல் மேஜையில் ஈபனைப் படுக்கவைத்தான். மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு வைக்கும் துளையை இரண்டு முறை பார்த்துக்கொண்டான். குழல் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். திருகினான். வரிசை மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டது. இழுத்தான்.

வெளியே வந்தது ஒரு நீலக் கம்பளி உருண்டை.

மறுபடி விட்டான், திருகினான், இழுத்தான். இன்னொரு நீல உருண்டை. மூன்றாவது. அதுவும் நீலம்.

நாற்பது தலையும் மெதுவாகத் திரும்பின. எல்லோரும் ஓபலின் கையிலிருந்த போர்வையைப் பார்த்தார்கள்.

"ஒரே சாயம்" என்றார் வாசல்காரர்.

சிரிப்பு வெடித்தது. கொட்டகைக்கு உள்ளேயிருந்த மேஜைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். என் காது கொதித்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவமானமே உறைக்கவில்லை. பேய் இல்லை! எல்லாம் இவள் கைவேலை!

"ஓபல்! நீயா?"

"நான்தான். பின்ன? பேய்க்கதை விடறதுக்கு நீங்க கார் ஷெட்டுல நின்னு முகத்தைக் கோணிக்கிட்டதை ஜன்னல் வழியா பாத்துட்டுத்தானே இருந்தேன்."

"பிஸ்கட்டு?"

"நான்தான் கடிச்சேன். கொஞ்சம் நமுத்துப் போயிருந்துச்சு."

"கெட்டிக்க உனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா உங்களுக்கெல்லாம் பின்னால உக்காந்து வேற என்னத்தைக் கேட்டேன்? ஒரு கெட்டிப்புக்கு மூணு விரல். நீங்கதானே ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுப்பீங்க."

"அப்போ நீ ஏமாத்தி வாங்கின அறை செல்லாது! சாவியைக் குடு! ஒரு துப்பாக்கிகூடப் பேஸ்மென்ட்டுக்கு இறங்காது! இத்தனை பேர் சாட்சி!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன். என் கல்யாண வாழ்க்கையில் அந்த ஜெயம் ஏறக்குறைய அரை நிமிஷம் நீடித்தது.

"நார்வல்" என்றான் ரோலண்ட்.

அவன் குரல் சரியாக இல்லை. கம்பியைக் குழலுக்குள் விட்டுக் காட்டினான்.

தொப்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

திருகினான். இது சுலபமாக வரவில்லை. காலை மேஜையில் ஊன்றிக்கொண்டு இழுத்தான். ஈயக் குண்டு ஒன்று வந்து மேஜையில் உருண்டது. குழலைச் சாய்த்துத் தட்டினான். ஒரு காகிதத் துண்டும் கருமருந்தும் கொட்டின.

நூற்று அறுபது வருஷத்துக் காகிதம் என்றால் தூளாகத்தான் வரும். மருந்து கல்லாக இறுகிப்போயிருக்கும். இந்தக் காகிதம் மடிப்புக் கலையாமல் வெள்ளையாக இருந்தது. ஒரு ஓரம் பிய்ந்திருந்தது. சிப்பாய்கள் மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரிக்கிற ஓரம். மருந்து ஈரமே இல்லாமல் பொலபொலவென்று பரவியது. வரிசையில் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அதே நாற்றம்.

"இதை எங்கடி வாங்கினே?" என்றேன்.

"நான் மூணுதான் போட்டேன்."

"ஓபல், போதும்."

"சத்தியமா மூணுதாங்க. திங்கள், செவ்வாய், புதன். ஞாயித்துக்கிழமை போட்டது நீங்கதானே?"

"நானா?"

"நீங்கதானே கெட்டிச்சிருக்குன்னு ஓடி வந்து சொன்னீங்க? நீங்க கட்டின கதைன்னுதானே, அதையே மேல மேல கட்டி உங்களைப் பயமுறுத்தலாம்னு நான் திங்கக்கிழமை ஆரம்பிச்சேன்!"

"நான் போடலை, ஓபல்."

"அப்ப அந்த நாத்தம்?"

"நீ வெச்ச நாத்தம்னு இப்பத்தானே நினைச்சேன்!"

அவள் கை நின்றது.

முப்பத்தோரு வருஷத்தில் சந்தையிலும், தேவாலயத்திலும், பல் பிடுங்கும் டாக்டர் வீட்டு வாசலிலும் நிற்காத ஊசி. ஒரு கண்ணியின் பாதியில் நின்றது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் அதை இதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று எத்தனையோ தடவை ஆசைப்பட்டிருக்கிறேன். பார்த்தபோது பிடிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லிட்டிருந்தது.

வாசல்காரர் இரண்டடி பின்னால் போனார். "ஐயா, தயவுசெஞ்சு இதை வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க. உள்ள வேண்டாம்."

வரிசையில் யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். வரிசையே காணாமல் போனது.

வண்டியில் ஈபனை எங்கள் இருவருக்கும் நடுவில் சாய்த்து வைத்துக்கொண்டு திரும்பினோம். பின்னால் வைக்க இரண்டு பேருக்கும் தைரியமில்லை, முதுகுக்குப் பின்னால் இருப்பதைவிடக் கண்ணுக்கு எதிரே இருப்பது மேல். பத்து மைல் போனோம். சோளம் அறுத்த வயல்களில் பனி தரையோடு நகர்ந்துகொண்டிருந்தது.

பதினோராவது மைலில் எனக்கு மின்னல் அடித்தது.

"ஓபல்! ஈபன் நிஜம்!"

"தெரியுது. நடுவுலதானே உக்காந்திருக்காரு."

"அப்போ அந்த அறையில பெர்னிஸ் எப்படிப் படுப்பா?"

நான் ஸ்டீரிங்கைத் தட்டினேன். உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது, வாயெல்லாம் பல்லாகவும் இருந்தது.

"தனியா இருக்கிற பொம்பள! புருஷனைப் பறிகுடுத்தவ! அவளைப் போய் நிஜப் பேயோட ஒரே அறையில படுக்கவைக்கிறதா? உனக்கு மனசாட்சி இருக்கா?"

"அவரை வேற எங்கயாவது வெச்சா?"

"வேற எங்க? பேஸ்மென்ட்லயா? ஈரத்துல போட்டா சும்மா இருப்பாரா? ஒண்ணோட நிறுத்திப்பாரா? அவருக்குப் பழகின இடம் அந்த மாடி அறைதான். கூட இருபத்திரண்டு துணையும் இருக்கு. அந்த அறையை யாரும் தொடக் கூடாது!"

என் வாழ்க்கையில் ஒரு பேய் என் கட்சியில் நின்றது அதுதான் முதல் தடவை. ஈபனின் கட்டையை லேசாகத் தட்டிக்கொடுத்தேன். உடனே கையை எடுத்துக்கொண்டேன்.

பக்கத்தில் சத்தம் கேட்டது. கொக்கி ஊசி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. முதலில் மெதுவாக. பிறகு வழக்கமான வேகத்தில்.

"நீங்க சொல்றது ரொம்ப நியாயங்க" என்றாள் ஓபல்.

முப்பத்தோரு வருஷத்தில் நான் கேட்காத வாக்கியம். வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

"அப்போ... அறையை விட்டுடறியா?"

"விட்டுட்டேன். அவரை அங்கேயிருந்து கிளப்பக் கூடாது, உங்க துப்பாக்கியும் இறங்க வேண்டாம். பெர்னிஸை அங்க படுக்கவைக்கிறது பாவம். அவ என்கூடக் கீழ பெரிய கட்டில்ல படுத்துக்கட்டும்."

"பெரிய கட்டில்லயா? அது... அது நம்ம கட்டில். அப்ப நான்?"

"ஈபனைத் தனியாவும் விட முடியாதுங்க. அவரு உங்களை நம்பித்தானே வந்தாரு? உங்களுக்கும் அவருக்கும்தான் நல்லாப் பழக்கமாயிடுச்சே."

அன்று சாயங்காலம் மாடி அறையில் எனக்கு ஒரு மடக்குக் கட்டில் போட்டார்கள். ஈபனுக்கு நேர் கீழே. பெர்னிஸ் தானே தலையணை உறை மாட்டிக் கொடுத்தாள், வாசலுக்கு வெளியே நின்றபடி.

தினமும் காலையில் கண் சிவந்து நான் படியிறங்கி வரும்போது, அக்காவும் தங்கையும் காபிக் கோப்பையை வைத்துவிட்டு ஒரே குரலில் விசாரிக்கிறார்கள்: "ஈபன் நல்லாத் தூங்கினாரா?"